கார்களுக்கு வர்ணம் கொடுத்த கெட்டரிங்

இரும்புப் பீரோ செய்யும் பட்டறைக்குப் போய், என்ன பெயிண்ட் அடிப்பீர்கள் என்று கேட்டால் டூகோ என்று பதில் வரும். கார் ஷெட்டில் கேட்டாலும் அதே பதில்தான். பெயிண்ட் டப்பாவில் இன்று வேறு பெயர் அச்சாகியிருக்கலாம். அடிப்பவர் வாயில் டூகோதான். துப்பாக்கி போன்ற கருவியில் காற்றை அழுத்தி, புகை மாதிரி பீய்ச்சி அடித்து, சிறிது நேரத்தில் காய்ந்துவிடும் பளபளப்பான வர்ணம் எதற்கும் நம் நாட்டுத் தொழிலாளர்கள் வைத்திருக்கும் பெயர் அது.

அந்தப் பெயர் அமெரிக்காவில் பிறந்தது. அது பிறப்பதற்கு முன்னால் சாதாரண ஆள் வாங்கக்கூடிய கார் என்றால் அநேகமாகக் கறுப்புக் கார்தான். பிறந்த பிறகு நீலம் வந்தது, சிவப்பு வந்தது, பச்சையும் பழுப்பும் வந்தன. இந்த வருஷம் எந்த நிறம் மோஸ்தர் என்று பார்த்துக் கார் வாங்கும் பழக்கமும் வந்தது. இந்த மாற்றத்துக்குப் பிடிவாதமாக வழி தேடியவர் சார்லஸ் கெட்டரிங். இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலகத்தின் தெருக்களுக்கு வர்ணம் தேடிக் கொடுத்த அந்த மனிதர், கண் சரியில்லை என்று படிப்பைப் பாதியில் விட்டவர்.

கண் வலித்த பையன்

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் லவுடன்வில் என்ற சிற்றூர். அதன் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் 1876 ஆகஸ்ட் 29ஆம் தேதி கெட்டரிங் பிறந்தார். ஐந்து குழந்தைகளில் நாலாவது. வயலில் வேலை, மாடு கன்று, பள்ளிக்கூடம் என்று மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் வளர்ந்தார். ஆனால் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் பார்த்தால் தலைவலி மண்டையைப் பிளக்கும்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவரே கிராமப் பள்ளிகளில் வாத்தியார் ஆனார். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கல்லூரிக்குப் போனார். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இஞ்சினீயரிங் சேர்ந்தார். கண் மறுபடியும் காலை வாரிவிட்டது. டாக்டர்கள் படிப்பை நிறுத்தச் சொன்னார்கள். ஊருக்குத் திரும்பி வந்த பையனுக்குக் கிடைத்த வேலை டெலிபோன் கம்பம் நடுவது. குழி வெட்ட வேண்டும், கம்பம் நிறுத்த வேண்டும், கம்பி இழுக்க வேண்டும். வெயிலிலும் பனியிலும் செய்கிற கூலி வேலைதான்.

அந்த வேலைதான் அவருக்குக் கண்ணையும் கொடுத்தது, தொழிலையும் கொடுத்தது. வெளி வேலையில் கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. மின்சாரத்தைக் கையாலேயே தொட்டுக் கற்றுக்கொண்டார். கொஞ்ச நாளில் மேஸ்திரியும் ஆனார். வருங்கால மனைவி ஆலிவ் வில்லியம்ஸ் என்ற பெண்ணைச் சந்தித்ததும் அந்த நாட்களில்தான். பிறகு மீண்டும் பல்கலைக்கழகம். கூடப் படித்த நண்பர்கள் பாடத்தைப் படித்துக் காட்டுவார்கள். இவர் காதால் கேட்டு மனதில் வாங்கிக்கொள்வார். 1904ல் பட்டம் வாங்கியபோது ஏறக்குறைய 28 வயது. கூடப் படித்தவர்களைவிட வயதில் மூத்தவர். மறு வருஷம் கல்யாணம்.

முதல் உத்தியோகம் டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில். கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கணக்கு இயந்திரத்தைச் செய்யும் கம்பெனி அது. அதுவரை கையால் சுழற்றிய அந்த இயந்திரத்துக்கு இவர் ஒரு சின்ன மின்சார மோட்டாரைப் பொருத்தினார். நாள் முழுவதும் ஓட வேண்டிய மோட்டார் அல்ல. ஒரு நொடி முழு மூச்சாக இழுத்துவிட்டு அடுத்த நொடி ஓய்வெடுக்கும் மோட்டார். அதனால் சின்னதாகவே இருந்தாலும் போதும். இந்தச் சின்ன விஷயத்தை அவர் மறக்கவில்லை.

கைப்பிடிக்கு விடை

1909ல் எட்வர்ட் டீட்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து டெல்கோ என்ற கம்பெனியை ஆரம்பித்தார். கம்பெனி என்றால் பெரிய கட்டடம் இல்லை. டீட்ஸின் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைதான் தொழிற்கூடம்.

அந்தக் காலத்தில் காரைக் கிளப்ப வேண்டுமானால் முன்பக்கம் போய் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். சில சமயம் இயந்திரம் திருப்பி உதைக்கும். மணிக்கட்டு முறியும், தாடை உடையும். காடிலாக் கம்பெனித் தலைவர் ஹென்றி லேலண்டின் நண்பர் ஒருவர் அப்படி அடிபட்டு இறந்ததாகவும், அந்தத் துக்கத்தில்தான் அவர் கெட்டரிங்கை நாடியதாகவும் சொல்வார்கள். காரைக் கிளப்பும் அளவுக்கு மோட்டார் வைத்தால் அது கார் அளவுக்கு இருக்கும் என்று நிபுணர்கள் கணக்குப் போட்டுக் கையை விரித்தார்கள். கெட்டரிங்குக் கல்லா இயந்திரம் நினைவுக்கு வந்தது. கிளப்புவதும் ஒரு நொடி வேலைதானே? 1912ஆம் வருஷ மாடல் காடிலாக் கார்கள் அவருடைய மின்சார ஸ்டார்ட்டரோடு வந்தன. பெண்களும் வயதானவர்களும் யார் தயவும் இல்லாமல் கார் ஓட்ட முடிந்தது அதற்குப் பிறகுதான்.

டெல்கோ 1916ல் கைமாறியது. கொஞ்ச காலத்தில் அது ஜெனரல் மோட்டார்ஸ் என்ற பெரிய நிறுவனத்தோடு கலந்தது. 1920ல் அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குக் கெட்டரிங் தலைவரானார். 1947 வரை, 27 வருஷம், அந்த நாற்காலி அவருடையது. வர்ணத்தின் கதை இங்கே தொடங்குகிறது.

எல்லாம் கறுப்பு

கார் உலகத்தில் அப்போது ராஜா ஹென்றி ஃபோர்டு. அவருடைய மாடல் டி கார் 1908ல் வந்தபோது சிவப்பு, பச்சை, சாம்பல் என்று நிறங்கள் இருந்தன. 1914 முதல் 1925 வரை கறுப்பு ஒன்றுதான். ஃபோர்டுக்கு ரசனை இல்லை என்று இதற்குப் பலர் காரணம் சொல்வது உண்டு. அவருடைய கணக்கு வேறு. கறுப்புப் பூச்சு மலிவு, நன்றாக உழைக்கும். எல்லாக் காரும் ஒரே நிறம் என்றால் எந்தக் கதவை எந்தக் காருக்கு மாட்டுவது என்ற குழப்பமும் கிடையாது. வரிசையாகக் கார்கள் நகர்ந்துகொண்டிருக்கும் தொழிற்சாலையில் அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது அந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் நிறக் கார்களே இல்லையா? இருந்தன. பணக்காரர்களுக்கு இருந்தன. அவற்றுக்கு வர்ணம் அடித்தவர்கள் பழைய குதிரைக் கோச்சு வண்டிகளுக்கு அடித்த அதே பரம்பரைத் தொழிலாளர்கள். எண்ணெயில் குழைத்த வர்ணத்தைப் பிரஷ்ஷால் ஒரு கோட் அடிப்பார்கள். காயும் வரை காத்திருப்பார்கள். உப்புக் காகிதத்தால் தேய்ப்பார்கள். இன்னொரு கோட். மறுபடி காத்திருப்பு. கடைசியில் வார்னிஷ். ஒரு வண்டி முடிய 2 வாரம் முதல் 4 வாரம் ஆகும். மழைக்காலமானால் இன்னும் தாமதம். தூசு ஒட்டினால் தொலைந்தது. இத்தனை பாடுபட்டும், வெயிலில் நின்றால் வார்னிஷ் மஞ்சளாகும், வெடிக்கும். அழகான நீலம் ஒரு வருஷத்தில் பச்சை கலந்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தினம் ஆயிரம் கார் செய்கிற தொழிற்சாலை. ஒவ்வொரு காரும் 20 நாள் காய வேண்டும். அப்படியானால் எந்த நேரமும் இருபதாயிரம் கார் கூரைக்கு அடியில் சும்மா நிற்க வேண்டும். அத்தனை இடத்துக்கு யார் வாடகை கொடுப்பது? போட்ட முதல் முடங்கிக் கிடக்கிறதே, அதற்கு யார் வட்டி கட்டுவது? போதாக்குறைக்கு, திறந்த கார்கள் போய் மூடிய கார்கள் வரத் தொடங்கிய காலம் அது. 1919ல் அமெரிக்கக் கார்களில் பத்தில் ஒன்றுதான் மேற்கூரையோடு மூடியது. 1927ல் நூற்றுக்கு 85. மூடிய காரில் வர்ணம் அடிக்க வேண்டிய பரப்பும் அதிகம்.

ஃபோர்டை விலையில் ஜெயிக்க முடியாது என்பதை ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் புரிந்துகொண்டிருந்தார். கொஞ்சம் கூட விலை, அதற்கு ஏற்றபடி கூடுதல் அழகு என்பது அவருடைய வழி. அந்த அழகுக்கு முதல் தடை, வர்ணம் காயும் நேரம்.

முப்பத்தேழு நாள்

கெட்டரிங் பெயிண்ட் நிபுணர்களையும் தொழிற்சாலைப் பெயிண்டர்களையும் கூட்டி உட்காரவைத்தார். பிற்காலத்தில் மேடைகளில் இந்தக் கூட்டத்தைப் பற்றி அவர் விரும்பிச் சொல்வார். நல்ல கார் ஒன்றுக்கு வர்ணம் அடித்து முடிக்க எத்தனை நாள் என்று கேட்டாராம். 37 நாள் என்றார்களாம். குறைக்க முடியாதா என்றதற்கு, மிகவும் முயன்றால் 30 நாளாக்கலாம் என்றார்களாம். கெட்டரிங் தமக்கு ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டும் என்று சொல்ல, கூட்டம் அவரை ஏற இறங்கப் பார்த்ததாம். கெட்டரிங் கதை சொல்வதில் சமர்த்தர். எண்ணில் ஒன்றிரண்டு அவர் கைச்சரக்காக இருக்கலாம். ஆனால் கூட்டத்தின் சாரம் அதுதான். முப்பதை இருபத்தெட்டாக்குவது அவருக்கு வேண்டாம். எண்ணெய் காய்வதற்கே காத்திருக்கும் முறையைத் தூக்கி எறிய வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்ததையும் கதைபோலத்தான் சொல்கிறார்கள். நியூயார்க் கடைவீதியில் நடந்துகொண்டிருந்த கெட்டரிங் ஒரு கடைக் கண்ணாடிக்குள் சின்னத் தட்டு ஒன்றைப் பார்த்தார். குண்டூசி போட்டு வைக்கும் மரத்தட்டு. புது மாதிரியான மெருகு பூசியிருந்தது. உள்ளே போய் வாங்கினார். இதை யார் செய்தது, மெருகு எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடமிருந்து ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே போய், நியூ ஜெர்சியில் ஒரு கொட்டகையில் அந்த மெருகைக் காய்ச்சும் ஆளைக் கண்டுபிடித்தார். காருக்கு அடிக்க வேண்டும் என்றதும் அந்த ஆள் சிரித்துவிட்டார். பீய்ச்சினால் கார்மேல் விழுவதற்கு முன்னாலேயே காய்ந்து தூளாகிவிடும் என்பது அவர் சொன்ன குறை. ஒரு மாதம் காயாத வர்ணம் ஒரு பக்கம், ஒரு நொடிகூட ஈரமாக நிற்காத வர்ணம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருந்தாக வேண்டும் என்று கெட்டரிங் முடிவு செய்தார்.

வெடிமருந்திலிருந்து வர்ணம்

அந்த மெருகின் அடிப்படைச் சரக்கு நைட்ரோ செல்லுலோஸ். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தினால் கிடைப்பது. இதிலேயே ஒரு வகைதான் பீரங்கிக்குப் போடும் வெடிமருந்துப் பஞ்சு. முதல் உலகப்போரில் இதை மலை மலையாகச் செய்து கொடுத்த டூபாண்ட் கம்பெனி, போர் 1918ல் முடிந்ததும் அத்தனை தொழிற்சாலைகளையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தது. அதே டூபாண்ட் கம்பெனிதான் ஜெனரல் மோட்டார்ஸின் பங்குகளில் பெரும் பகுதியை வாங்கி வைத்திருந்தது. சம்பந்தி வீட்டுச் சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

எண்ணெய் வர்ணம் காற்றோடு மெதுவாகக் கலந்து இறுகுகிறது. நைட்ரோ செல்லுலோஸ் அப்படி அல்ல. அதை ஆவியாகிப் போகும் ஒரு திரவத்தில் கரைத்து அடிக்கிறார்கள். திரவம் பறந்துவிடும், மெருகு தங்கிவிடும். அதனால்தான் அத்தனை வேகம். சிக்கல் என்னவென்றால், கரைசல் பாகு மாதிரி கெட்டியாகிவிடும். பீய்ச்சும் அளவுக்கு நீர்க்கக் கரைத்தால் மெருகு மிக மெல்லிசாக விழும். ஒரு காருக்கு எத்தனை கோட் அடித்தாலும் போதாது.

இங்கே அதிர்ஷ்டம் கை கொடுத்தது. நியூ ஜெர்சியில் பார்லின் என்ற இடத்தில் டூபாண்டின் தொழிற்சாலை ஒன்றில் சினிமா ஃபிலிமுக்கான சரக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். 1920 ஜூலை மாதம், ஒரு கலவை கவனிப்பார் இல்லாமல் சில நாட்கள் அப்படியே கிடந்துவிட்டது. திரும்ப வந்து பார்த்தால் கெட்டிப் பாகு இளகித் தண்ணீர்ப் பதமாகியிருந்தது. சரக்கின் அளவு குறையவில்லை, இளக்கம் மட்டும் வந்திருந்தது. ஒரு கோட்டிலேயே வேண்டிய கனத்தில் வர்ணத்தை ஏற்ற வழி பிறந்தது.

ஆனால் கண்டுபிடிப்பு வேறு, காரில் நிற்கும் வர்ணம் வேறு. இரும்பில் ஒட்ட வேண்டும். வெயிலில் வெடிக்கக் கூடாது. மழையில் உரியக் கூடாது. பளபளக்க வேண்டும். கெட்டரிங்கின் ஆட்களும் டூபாண்ட் ரசாயனிகளும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று வருஷம் உழைத்தார்கள். பெரிய நிறுவனங்களில் புதுச் சரக்கைப் பாதியில் கைவிடச் சொல்லும் மேலதிகாரிகளுக்குப் பஞ்சம் இருக்காது. கெட்டரிங் அவர்களுக்கும் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் நடுவில் மதில் மாதிரி நின்றார். கண்டுபிடித்த பெருமையை அவர் ஒருவருக்கே கொடுப்பது தவறு. விடாமல் நின்ற பெருமை அவருக்கு உண்டு.

இந்தக் காலத்தைப் பற்றி இன்னொரு கதை. நம்ப மறுத்த ஒரு பெயிண்ட் வியாபாரியைக் கெட்டரிங் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார். சாப்பிடும்போது, உங்கள் காருக்கு நிறம் மாற்றினால் எதை விரும்புவீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டுவைத்தார். சாப்பிட்டு வெளியே வந்த விருந்தாளி தம் காரைத் தேடுகிறார், காணவில்லை. அவர் சொன்ன அதே நிறத்தில் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது!

நீல நிற ஓக்லண்ட்

1923ல், அடுத்த வருஷ மாடலாக, ஓக்லண்ட் என்ற கார் புது வர்ணத்தில் வெளியே வந்தது. நீல நிறம். புது வர்ணத்துக்கு டூபாண்ட் வைத்த பெயர் டூகோ. ஜெனரல் மோட்டார்ஸின் மற்றக் கார்களும் ஒவ்வொன்றாக டூகோவுக்கு மாறின. வாரக்கணக்கு மணிக்கணக்காயிற்று.

கெட்டரிங்கின் வாழ்க்கையில் அந்த 1923 விசித்திரமான வருஷம். தண்ணீர் இல்லாமல் செப்புத் தகடுகளால் குளிரும் இயந்திரம் ஒன்றை அவர் பல காலமாகத் தயாரித்து வந்தார். அவருடைய உயிரான வேலை அதுதான். அந்த இயந்திரம் பொருத்திய ஷெவர்லே கார்கள் எழுநூற்றுச் சொச்சம் செய்யப்பட்டன. ஓட்டிப் பார்த்தவர்கள் ஒன்று மாற்றி ஒன்று புகார் சொன்னார்கள். விற்ற கார்களையெல்லாம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மனம் உடைந்த கெட்டரிங் ராஜினாமா செய்யவே முன்வந்தார். ஸ்லோன் விடவில்லை. சொந்தக் குழந்தையாக நினைத்துச் செய்த இயந்திரம் குப்பைக்குப் போன அதே வருஷத்தில், பக்கத்து வேலையாகப் பார்த்துவந்த வர்ணம் சந்தையை வென்றது.

ஃபோர்டு 1926ஆம் வருஷ மாடலில் மறுபடியும் நிறங்களைக் கொண்டுவந்தார். காலம் கடந்துவிட்டது. ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற மாடல் டி 1927 மே மாதத்தோடு நின்றது. அது வர்ணத்தால் மட்டும் வீழ்ந்தது என்று சொல்ல முடியாது. பழையதாகிவிட்ட காரில் பல குறைகள் இருந்தன. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் நீலக் காரில் போகும்போது, கறுப்புக் காரில் போகிறவருக்கு வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்பதை யாரும் ஊகிக்கலாம்.

பிரஷ் பிடித்த தொழிலாளர்கள் என்ன ஆனார்கள்? பல வருஷம் குருவிடம் கற்ற கை வேலை, சில வாரத்தில் பழகிவிடக்கூடிய ஸ்ப்ரே துப்பாக்கிக்கு வழி விட்டது. அடித்த வர்ணத்தைத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றும் வேலை மட்டும் கைக்கு மிச்சமாயிற்று. கரைசல் ஆவி நெடி மூக்கில் ஏறும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அதனால் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் தனி அறைகள் கட்ட வேண்டி வந்தது. அப்படி அறை எதுவும் இல்லாமல், மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தெரு ஓரத்திலேயே அடிக்கிற பட்டறைகள் நம் ஊர்களில் உண்டு. அந்த நெடி எப்படிப்பட்டது என்று அங்கே வேலை செய்கிற பையன்களைக் கேட்க வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு மோஸ்தர்

எந்த நிறமும் அடிக்கலாம் என்று ஆனபின், எந்த நிறத்தை அடிப்பது என்பது தனி உத்தியோகமாகிவிட்டது. 1927ல் ஜெனரல் மோட்டார்ஸ், கலைக்கும் வர்ணத்துக்கும் என்றே ஒரு பிரிவை ஏற்படுத்தி, ஹாலிவுட் நட்சத்திரங்களுக்குக் கார் அலங்காரம் செய்துகொண்டிருந்த ஹார்லி ஏர்ல் என்பவரை அதற்குத் தலைவராக்கியது. புடவைக் கடையில் தீபாவளிக்குத் தீபாவளி புதுச் சரக்கு வருவதுபோல, வருஷா வருஷம் காருக்குப் புது நிறமும் புது வடிவமும் வரத் தொடங்கின.

இதற்கு வெளிப்படையாகக் காரணம் சொன்னவர்களில் கெட்டரிங்கும் ஒருவர். வாங்கினவருக்குத் தம் பொருளில் திருப்தி வராமல் பார்த்துக்கொண்டால்தான் தொழிற்சாலைகள் ஓடும், வேலை கிடைக்கும் என்று 1929 தொடக்கத்தில் ஒரு பத்திரிகையில் கட்டுரையே எழுதினார். அந்த வருஷ அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. ஊரே வேலையில்லாமல் தவித்தபோது கார்களின் நிறமும் அடங்கிப்போயிற்று. அடர்ந்த நீலம், அடர்ந்த பச்சை, மறுபடியும் கறுப்பு. வீட்டில் கஷ்டம் என்றால் பளிச்சென்று உடுத்த மனம் வராது. காருக்கும் அதுவே பொருந்தியது. அந்நாட்களில் மீன் செதிலிலிருந்து எடுத்த மினுக்குச் சரக்கைக் கலந்து முத்துப்போல் ஒளிரும் வர்ணம் அடித்தவர்களும் இருந்தார்கள். ஆயிரக்கணக்கான மீன் தேவைப்பட்டதால் அது சீமான்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு அலுமினியத் தூள் கலந்த மினுக்கு வந்தது.

இரண்டாம் உலகப்போரில், 1942 முதல், அமெரிக்காவில் பொதுமக்களுக்குக் கார் செய்வதே நின்றது. போர் முடிந்து கையில் காசு புரண்டபோது நிறங்களும் கரை புரண்டன. 1950களில் ஒரே காரில் இரண்டு நிறம், சிலவற்றில் மூன்று. கூரை வெள்ளை, உடம்பு இளநீலம். ரோஜா நிறம், மயில்கழுத்து நிறம். 1955ல் டாட்ஜ் கம்பெனி பெண்களுக்கென்றே ரோஜாவும் வெள்ளையும் கலந்த காரைச் செய்து, அதே நிறத்தில் குடையும் கைப்பையும் சேர்த்துக் கொடுத்தது. பெண்கள் அதைச் சீண்டவில்லை. இரண்டு வருஷத்தில் நின்றது. எந்த நிறம் அதிகம் போகிறது என்று டூபாண்ட் 1953 முதல் வருஷந்தோறும் கணக்கெடுத்து வெளியிடவே ஆரம்பித்தது.

அந்த வானவில் இன்று வெளுத்துவிட்டது. 2000ஐ ஒட்டிய வருஷங்களில் வெள்ளி நிறம் கொடி கட்டிப் பறந்தது. அதன் பிறகு வெள்ளை. வெள்ளை, கறுப்பு, சாம்பல், வெள்ளி நான்கையும் கூட்டினால் உலகில் புதிதாக வரும் கார்களில் நாலில் மூன்று பங்குக்கு மேல் வந்துவிடுகிறது. ஆயிரம் நிறம் அடிக்க முடிந்த காலத்தில் மக்கள் வெள்ளையைக் கேட்கிறார்கள். விற்கும்போது விலை போகும் என்பது ஒரு காரணம். வெயில் நாடுகளில் சூடு குறைவு என்பது இன்னொன்று. நம் நாட்டில் பல வருஷம் காத்திருந்து அம்பாசிடரோ ஃபியட்டோ வாங்கிய நாட்களில், நிறம் பார்த்து வேண்டாம் என்று சொன்னவர் அநேகமாக இருந்திருக்க மாட்டார்.

ஈயமும் ரயிலும்

கெட்டரிங்கின் கணக்கில் பழியும் உண்டு. அவருக்குக் கீழே வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில், இயந்திரம் தட்டாமல் ஓட பெட்ரோலில் ஈயச் சேர்மானம் கலக்கலாம் என்று கண்டுபிடித்தார். அதை விற்ற கம்பெனிக்கு முதல் தலைவர் கெட்டரிங். 1924ல் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் ஈய விஷம் ஏறிச் சித்தம் கலங்கி இறந்தார்கள். ஆனாலும் விற்பனை நிற்கவில்லை. ஊர் ஊராகக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ல்தான் ஒழிந்தது. உலகத்தில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021ல். தினமும் நோயோடு போராடியவர்களுக்காக அவர் பெயரில் நடக்கும் நியூயார்க் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தை 1945ல் ஸ்லோனும் அவரும் சேர்ந்து ஏற்படுத்தியதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது யாராலும் ஆகாது.

ரயில் பயணிகளுக்கும் அவரோடு உறவு இருக்கிறது. கப்பல் அளவுக்குப் பெருத்திருந்த டீசல் இயந்திரத்தைச் சுருக்கி ரயிலுக்கு ஏற்றதாக்கும் வேலையை 1930களில் அவருடைய ஆராய்ச்சிப் பிரிவு செய்தது. 1934ல் பர்லிங்டன் செஃபிர் என்ற ரயில் அந்த இயந்திரத்தில் ஓடி அமெரிக்காவை அசத்தியது. அவருடைய ஒரே மகன் யூஜின் அதே துறையில் இறங்கி, 567 என்ற பெயர் பெற்ற ரயில் டீசல் இயந்திரத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். 1962ல் இந்திய ரயில்வேக்கு வந்த டபிள்யூ.டி.எம்.4 என்ஜின்கள் அந்த 567 குடும்பம். பின்னால் வாரணாசியில் செய்யப்பட்ட டபிள்யூ.டி.ஜி.4, டபிள்யூ.டி.பி.4 என்ஜின்களின் இயந்திரமும் அதே வழிவந்த பேரப்பிள்ளைதான்.

கடைசி நாட்கள்

மனைவி ஆலிவ் 1946ல் காலமானார். மறு வருஷம் கெட்டரிங் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். இலை ஏன் பச்சையாக இருக்கிறது, சூரிய ஒளியை அது எப்படிச் சாப்பாடாக்குகிறது என்ற ஆராய்ச்சிக்குப் பணமும் நேரமும் கொடுத்துக்கொண்டிருந்தார். நிறத்தின் மேல் அவருக்கிருந்த ஆசை கடைசி வரை விடவில்லை என்றுதான் தோன்றுகிறது. அவர் வாழ்ந்த டேட்டன் நகரை ஒட்டிய ஊர், 1950களில் அவர் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. 186 அமெரிக்கப் பேட்டன்டுகள் அவர் பெயரில் இருந்தன.

1958 நவம்பர் 25ஆம் தேதி, 82ஆவது வயதில், டேட்டனில் உயிர் பிரிந்தது. அந்த வருஷங்களில்தான் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலைகள் பழைய டூகோவை விட்டு அக்ரிலிக் என்ற புதுச் சரக்குக்கு மாறிக்கொண்டிருந்தன. அதுவும் பிறகு மாறி, இன்று கார் ஆலைகளில் அடிக்கும் வர்ணத்தில் நைட்ரோ செல்லுலோஸ் கிடையாது. ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையில் எடுக்கும் நம் ஊர்ப் பட்டறைக்காரர் மட்டும், டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும், டூகோ என்றே சொல்லி அடிக்கிறார்.